ஆறு செக்கன்

என் மகள் பதினேழு வருடம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் விளையாடினாள். அந்தப் பதினேழு வருடத்தில் அவள் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. வலைப்பந்து தெரியாதவர்களிடம் இதைச் சொன்னால் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். அவள் கோல் கீப்பர். ஒரு அணியில் ஏழு பேர். அதில் இரண்டு பேர்தான் கோல் போடலாம். மற்ற ஐந்து பேரும் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அல்லது எதிரணியைப் போடவிடாமல் மறிக்க வேண்டும். என் மகள் மறிப்பவள்.

நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டெலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டை, பெட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் எண்ணிக் குறிப்பது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது நாங்கள் இருக்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எங்கள் வீட்டுக்கு ஐம்பத்து நான்கு படிகள். அதில் இரண்டு படிகளில் ஓடு வெடித்திருக்கிறது. தொடர்மாடிச் சங்கக் காரியதரிசியிடம் ஆறு தடவை சொல்லிவிட்டேன். யாராவது விழுந்தால்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

மகளின் முதல் ஆட்டத்தை நான் பார்த்தது கொட்டாஞ்சேனையில், அவள் படித்த கன்னியர் மடப் பாடசாலையின் மைதானத்தில். அவளுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் எல்லோரையும்விட அரை முழம் உயரம். அந்த உயரத்தை மறைக்கத் தோளைக் குறுக்கி நடப்பாள். அதற்கு மருந்து என்று சொல்லித்தான் விளையாட்டு ரீச்சர் அவளைக் கோல் கம்பத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். மேசையில் ஒரு பிள்ளை இருந்து கோல்களைக் குறித்துக்கொண்டிருந்தது. எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வட்டம், விழுந்தால் அதன் மேல் ஒரு கோடு. மகள் மறித்த பந்துக்கு என்ன குறி என்று கேட்டேன்.

"அதுக்கு ஒண்டும் இல்ல அங்கிள்," என்றது அந்தப் பிள்ளை.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மணித்தியாலம் ஒரு பிள்ளை கையை உயர்த்தியபடி ஓடி நிற்கிறது, கடைசியில் தாளில் அவள் வந்ததற்கே அடையாளம் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஆமர் வீதியில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். மூன்று நிரல் கீறினேன். கையில் பிடித்த பந்து, தட்டிவிட்ட பந்து, அவள் கைக்குப் பயந்து எதிராளி தவறவிட்ட பந்து. மூன்றாவது நிரலைப் பற்றி எனக்கும் என் மனைவிக்கும் நெடுநாள் தகராறு இருந்தது. பயந்துதான் தவறவிட்டது என்று எப்படித் தெரியும் என்பது அவளுடைய கேள்வி. பார்த்தால் தெரியும் என்பது என்னுடைய பதில்.

மறிப்பதற்கு ஒரு விதி உண்டு. பந்து வைத்திருப்பவளின் காலிலிருந்து மூன்று அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். நின்ற பிறகு எவ்வளவு முன்னால் வேண்டுமானாலும் சாயலாம். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் தூக்கி, இரண்டு கையையும் நீட்டிப் பந்தை நோக்கிச் சாய்வார்கள். பந்து வைத்திருப்பவள் மூன்று செக்கனுக்குள் எறிந்துவிட வேண்டும். அந்த மூன்று செக்கனும் தடுமாறாமல் நிற்பவள்தான் கீப்பர். ஒரு ஆட்டத்தில் ஒரு தடவை என்றால் நானே நிற்பேன். ஐம்பது அறுபது தடவை வரும். அதனால் வீட்டில் பத்துச் செக்கன் நிற்கப் பழகினால்தான் மைதானத்தில் மூன்று செக்கன் நிற்கலாம் என்று ரீச்சர் சொல்லிவிட்டார்.

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் பின்னால், குசினிக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு சீமெந்து நிலம் இருந்தது. அகலம் ஐந்தரை அடி, நீளம் பதினான்கு. சோக்கால் மூன்று அடிக்கு இரண்டு கோடு போட்டேன். ஒரு கோட்டில் மகள். மற்றக் கோட்டில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் பந்தோடு என் மனைவி. நான் குசினி வாசலில் கைக்கடிகாரத்தோடு. பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்குவோம். கோயில் மணி அடிக்கும்போது நிறுத்துவோம்.

"கையக் கீழ போடாத. அம்மா எறியும் வரைக்கும் நில்லு," என்பேன்.

"அம்மா எறியவே மாட்டா," என்பாள் மகள்.

"எறிஞ்சா நீ தட்டுவாய். அது மதிலுக்கு அங்கால போய் விழும். பக்கத்து வீட்டு நாய் கவ்விக்கொண்டு போகும். பிறகு நான்தான் அந்த மனுசியிட்டப் போய்ப் பல்லைக் காட்டோணும்," என்பாள் என் மனைவி. அவள் யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்புக்கு வந்து எத்தனை வருடமானாலும் பேச்சு மாறவில்லை. "இஞ்சேருங்கோ, கறி அடிப்பிடிக்குது. இறங்கட்டோ?"

"இன்னும் ரெண்டு தரம்."

"உங்கட ரெண்டு எனக்குத் தெரியும். கப்பல் முழுக்க இறக்கினாத்தான் உங்களுக்கு ரெண்டு."

முதல் நாள் மகள் மூன்று செக்கன் நின்றாள். நத்தார்ப் பண்டிகை வந்தபோது ஏழு. பாடசாலையை விட்டு வரும்போது பதினொன்று. அதற்கு மேல் அவளும் போகவில்லை, நானும் கேட்கவில்லை. பதினொன்று என்பது எங்கள் வீட்டில் ஒரு நிலையான எண்ணாகிவிட்டது.

தேசிய அணிக்கு அவள் பெயர் வந்த செய்தி பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் வந்தது. நாய் வைத்திருந்த அதே மனுசிதான் மதிலுக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னாள். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதது வெங்காயத்தாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரில் தமிழ்ப் பெயர் ஒன்றுதான்.

அது நிலைமை சரியில்லாத காலம். பயிற்சி முடிய ஆறரை, ஏழு ஆகும். கொட்டாஞ்சேனைக்கு வருவதற்குள் இரண்டு இடத்திலாவது பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். பெண்பிள்ளையைத் தனியே வரவிட எனக்குத் தைரியம் இல்லை. வேலை முடிந்ததும் நேரே மைதானத்துக்குப் போய்விடுவேன். ஒரு பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன் டீயும், கையில் கொப்பியும். காலம் மாறிய பிறகும், நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்த பிறகும், அவளுக்குக் கம்பனியில் வேலை கிடைத்து ஸ்கூட்டரில் போய்வரத் தொடங்கிய பிறகும், நான் போவதை நிறுத்தவில்லை. எதற்காக வருகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிளாஸ்கில் டீ இருந்ததே காரணமாக இருக்கலாம்.

மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து மூடியில் ஊற்றிக் குடிப்பார்கள். எல்லோரும் சிங்களம். நானும் துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் கதைப்பேன். "அங்கிள், எனக்கு இன்டைக்கு எத்தன?" என்று ஒரு மெலிந்த பிள்ளை ஒருநாள் கேட்டது. நான் மகளுக்கு மட்டும்தான் எழுதுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அந்தப் பிள்ளை எட்டு வருடம் என் மகளோடு விளையாடியது. பிறகு கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளை பெற்று, கடைசியில் அணிக்கு மெனேஜராக வந்தது. மெனேஜர் ஆன பிறகும் டீ என்றால் மூடியில்தான் வேண்டும் என்பாள்.

வெளிநாட்டுக்குப் போகும்போது நான் போக முடியாது. ஒரே ஒரு தடவை சிங்கப்பூருக்குப் போனேன். அங்கே மைதானத்துக்குக் கூரை இருந்ததால் எனக்கு மழைக் கவலை இல்லாமல் போய், கையும் காலும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். மற்றத் தடவைகளில் ஆட்டம் முடிந்ததும் மகள் போன் எடுப்பாள். கதைக்கக் கிடைப்பது இரண்டு நிமிடம்.

"அப்பா, எழுதுங்க. அஞ்சு, ஒம்பது, ரெண்டு."

"மூண்டாவதில ரெண்டுதானா?"

"ரெண்டுதான். இவளுகள் பயப்பிடுறாளுகள் இல்ல."

"சாப்பிட்டவளோ எண்டு கேளுங்கோ," என்று பின்னால் என் மனைவி. "சோறு குடுக்கிறாங்களோ எண்டு கேளுங்கோ. அஞ்சும் ஒம்பதும் பிறகு கேக்கலாம்."

அவள் வென்றாளா தோற்றாளா என்று கேட்க மறந்து போனை வைத்த நாட்களும் உண்டு. அடுத்த நாள் பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். பத்திரிகையில் கோல் போட்டவர்களின் பெயர் இருக்கும். என் கொப்பியில் மற்றது இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் ஆட்டம் என்று நான் சொல்வேன். இப்போது பத்தொன்பது கொப்பிகள் அலுமாரியில் இருக்கின்றன. அநேகமாகக் காலைகளில், பத்திரிகைக்குப் பிறகு ஒன்றை எடுத்துப் பார்ப்பேன். பென்சில் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது. பேனையால் எழுதியிருக்க வேண்டும்.

மகளுக்குக் கல்யாணம் பேசி மூன்று இடங்கள் வந்தன. மூன்று இடத்திலும் எப்போது விளையாட்டை விடுவாள் என்று கேட்டார்கள். மூன்றுக்கும் அவளே பதில் சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. ஒருவரும் திரும்பி வரவில்லை.

முப்பத்தாறாவது வயதில் இடது முழங்கால் வீங்கத் தொடங்கியது. சாயும்போது அவள் நிற்கிற கால் அதுதான். அந்த நேரம் ஒரு வெளிநாட்டுப் போட்டி வரவிருந்தது. அதற்குப் போய்விட்டு வந்து நிறுத்திக்கொள்வதாக எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தாள். இது கடைசி. கடைசித் தடவை அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆடிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் பழையபடி கடிகாரத்தை எடுத்தேன். வெள்ளவத்தை வீட்டில் ஹோலுக்கும் பல்கனிக்கும் இடையில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு முன்னால் அவள் நிற்பாள். நான் சோபாவில் இருந்து, செக்கன் முள்ளைப் பார்த்து எண்ணுவேன். முதல் ஒன்பது. பிறகு ஏழு. ஒரு மாதம் நான்கில் நின்றது. அவள் பனிக்கட்டி வைத்தாள், எண்ணெய் போட்டாள், கம்பனியில் லீவு எடுத்தாள். என் மனைவி மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வந்தது. அடுத்த கிழமையும் ஆறு. அவளைவிட எனக்குத்தான் கூடச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடு மைதானத்துக்குப் போனேன். மெனேஜர் டீக்கு வந்தாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், அக்காவின்ட கால் எப்படி?" என்று சிங்களத்தில் கேட்டாள். எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான்.

நான் கொப்பியைத் திறந்து காட்டினேன். "போன மாசம் நாலு. இப்ப ஆறு. ஏறிக்கொண்டு வருது."

"முந்தி எத்தன இருந்தது?"

"பதினொண்டு."

அவள் கொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டீயைக் குடித்து முடித்தாள். மூடியை உதறி என்னிடம் தந்து, "தேங்க்ஸ் அங்கிள்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ்ஸில் வரும்போது மகளுக்கு நல்லதொரு உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன். நாலிலிருந்து ஆறு என்றால் ஏற்றம். எண்ணைப் பார்த்த எவருக்கும் அது விளங்கும் என்று நினைத்தேன். பதினொன்றிலிருந்து ஆறு என்று வாசிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பத்து நாளில் பன்னிரண்டு பேரின் பெயர் போனில் வந்தது. மகள் சாப்பாட்டு மேசையில் இருந்து வாசித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

வெளியே வந்து தலையைத் துவட்டியபடி சொன்னாள்: "என்ட கால் முந்தி மாதிரி இல்லயாம். தெரிவுக்குழுவுக்கு ஆரோ சொல்லியிருக்கினம். பிராக்டிஸ்ல நான் ஒருநாள்கூட நொண்டினது இல்ல. ஒருத்தருக்கும் தெரியாது."

"ஆற்ற வாயோ அது, புழுத்துப்போகும்," என்றாள் என் மனைவி. "விளங்கவே மாட்டினம். பிள்ளை பதினேழு வருசமா முறிஞ்சிருக்கு. சொன்னவன் ஆரெண்டு மட்டும் தெரியட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்களேன் தேத்தண்ணியக் குடியாமல் வச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அன்று சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மகள் ஒரு கட்டு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, அப்பீல் ஒண்டு எழுதித் தாங்க. நல்ல இங்கிலீஷ்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கோணும். கணக்கெல்லாம் உங்களிட்டத்தானே இருக்கு, அதையும் போடுங்க."

பத்தொன்பது கொப்பிகளையும் இறக்கி மேசையில் வைத்தேன். இதற்காகத்தான் எழுதினேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. முதல் பந்தியை எழுதினேன். எத்தனை வருடம், எத்தனை நாடு, எத்தனை பந்து. எழுத எழுத நன்றாகவே வந்தது. இரண்டாம் பந்தியை அவள் சொல்ல நான் எழுத வேண்டும். இடது முழங்காலில் பலவீனம் இருப்பதாக எவரும் எந்தச் சந்தர்ப்பத்திலும் கண்டதில்லை என்று எழுதச் சொன்னாள்.

பேனையை மூடி வைத்தேன்.

"என்னப்பா?"

"அது நான்தான்," என்றேன்.

"என்ன நீங்க?"

"மெனேஜர் கேட்டா. நான் கொப்பியக் காட்டினன். நாலு இருந்தது, இப்ப ஆறு எண்டு. கூடியிருக்கு எண்டு சொல்லத்தான்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி வாசலுக்கு வந்தாள். மூன்று நாளாக அவள் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையிலிருந்த கோப்பையைச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினாள். மகள் என்னையே பார்த்தாள். நான் கொப்பியின் அட்டையைப் பார்த்தேன்.

"ஆறு எண்டா சொன்னீங்க?"

"ஓம்."

"அது ஆறு இல்லயப்பா."

"நான் எண்ணினனான். ரெண்டு கிழமையும் ஆறு."

"நீங்க மணிக்கூட்டத்தானே பாத்துக்கொண்டு இருந்தீங்க. மூண்டுக்குப் பிறகு மற்றக் கால நிலத்தில வச்சிட்டன். நுனிக்கால். நீங்க ஒவ்வொரு நாளும் நாலு, நாலு எண்டு எழுதிப்போட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தீங்க. பாக்க ஏலாம இருந்தது."

முப்பத்து நான்கு வருடம் கப்பல் தளத்தில் நின்றவன், மூட்டையைப் பார்க்காமல் ஒருநாளும் கோடு போட்டதில்லை. சொந்தப் பிள்ளையின் காலைப் பார்க்கவில்லை.

"அப்ப நாலு?" என்று கேட்டேன்.

"நாலு நாலுதான். பிறகு மூண்டு."

மூன்று என்றால் ஒரு தடவைக்குப் போதும். ஐம்பது தடவைக்குப் போதாது. என் மனைவி வந்து கதிரையை இழுத்து இருந்தாள். "அப்பனும் மகளும் ஆளையாள் ஏமாத்தினதுக்கு நான் ஊரைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்," என்றாள். "மாதாவுக்கு வச்ச நேர்த்தியையும் என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல."

மகள் சிரித்தாள். முதலில் கொஞ்சம்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்தாள். "வேற ஒண்டு எழுதுங்க. விலகுறன் எண்டு."

"அப்பீல் குடுக்கலாம். நான் வேணுமெண்டா மெனேஜரிட்டப் போய்—"

"போக வேணாம். அவ என்ன செய்வா? அவவின்ட வேல அது. எழுதுங்க."

அவள் தமிழில் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அணியில் விளையாடக் கிடைத்ததற்கு நன்றி. முழங்கால் காரணமாக இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். போகிற பன்னிரண்டு பேருக்கும் வாழ்த்துகள். அவ்வளவுதான். நான் ஆட்டங்களின் தொகையைச் சேர்க்கப் பேனையைத் தாளில் வைத்தேன்.

"கணக்கு வேணாமப்பா."

"ஒரு வரிதான். ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல. அவையளுக்குத் தெரியாது."

"தெரியாட்டி விடுங்க."

விட்டேன். கடிதம் ஏழு வரியில் முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான். அவள் கையெழுத்துப் போட்டு, அதைப் போனில் படம் எடுத்து மெனேஜருக்கு அனுப்பினாள். ஒரு நிமிடம் ஆகவில்லை, மெனேஜர் போன் எடுத்தாள். மகள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பல்கனிக்குப் போனாள்.

சிங்களத்தில் கதைத்தார்கள். கடல் காற்றிலும், இடையில் போன ரயில் சத்தத்திலும் பாதிதான் கேட்டது. ஒரு தடவை மகள் அழுதது மாதிரி இருந்தது. ஒரு தடவை பலமாகச் சிரித்தாள், பழைய ஏதோ பயணத்தில் யாரோ பெட்டியை மாற்றி எடுத்துக்கொண்டு போன கதை. இருபது நிமிடத்துக்கு மேலாகியும் அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே கதைத்தாள். பாரம் முழுவதும் இடது காலில் இருந்தது. இந்தத் தடவை நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் வைத்தேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். நான் கதிரையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து, கதையை நிறுத்தாமல், கதிரையில் இருந்துகொண்டாள்.